சித்தி வைத்த பெயர்கள்

கடைக் கம்ப்யூட்டரின் பொத்தானை அழுத்திவிட்டுப் போய், சித்தி பால் காய்ச்சி, ஆற்றி, குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தாலும் அது கண் விழித்திருக்காது. திரையில் சின்ன வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கும். "சுத்து, நல்லா சுத்து. வெளியில நிக்கிறவங்களுக்குத்தானே அவசரம், உனக்கென்ன" என்று அதற்கு ஒரு குத்தல் வைத்துவிட்டு, வந்தவர்களை பெஞ்சில் உட்காரச் சொல்வாள்.

கடை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். பெரிய அலுவலகத்துக்கு எதிர்ச்சாரியில், மாடிப்படிக்குக் கீழே மிச்சமாகக் கிடந்த இடம். நீட்டிப் படுத்தால் தலை ஒரு சுவரிலும் கால் மறு சுவரிலும் இடிக்கும். அதிலும் பாதி ஜெராக்ஸ் மாமாவுடையது. அவர் தன் கம்ப்யூட்டரில் பிரின்ட் போடுபவர், நகல் எடுப்பவர், லேமினேஷன் போடுபவர், அதைவிட முக்கியமாக ஊர்வாயை மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்தவர். மறுபாதியில் ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், சித்தி. எதிரே இருக்கும் அலுவலகத்துக்குள் போக வேண்டிய மனு, புகார், விண்ணப்பம் எதுவானாலும் முதலில் சித்தியின் விரல் நுனியைத் தொட்டுவிட்டுத்தான் போகும்.

அந்தக் கம்ப்யூட்டரைச் சரிசெய்யும் வேலைதான் அவளுக்கு வந்தது. சித்தியின் அக்கா மகள் அவள். வீட்டில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள். தேர்வு முடிவு வந்த அன்றைக்கு ஜெராக்ஸ் மாமா அவளுடைய மதிப்பெண் சான்றிதழை லேமினேட் செய்து கொடுத்து, "வாங்க பட்டதாரி" என்றார். அன்றிலிருந்து அந்தத் தெருவில் அவளுக்கு வேறு பெயர் கிடையாது. பதினான்கு மாதங்களாக விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கிற பட்டதாரி என்பதால் அந்தப் பெயர் சில நாள் இனிக்கும், சில நாள் குத்தும்.

"நீதான் கம்ப்யூட்டருக்குன்னே படிச்சவளாச்சே. இதுக்கு ஒரு வழி பண்ணு" என்றாள் சித்தி. "ஆனா பழசு ஒண்ணும் போயிடக் கூடாதுடி. பதினாறு வருஷம் அதுக்குள்ள இருக்கு."

"ஒண்ணும் போகாது சித்தி."

சொல்லிவிட்டாளே தவிர, உள்ளுக்குள் உதறல்தான். கல்லூரி ஆய்வகத்தில் நான்கு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர். கூட்டத்தில் பின்னால் நின்று அடுத்தவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்ததுதான் பாதிப் படிப்பு. தேர்வில் எழுதியதெல்லாம் மனப்பாடம். உண்மையில் தனக்கு என்ன தெரியும் என்ற கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை. அவளே கேட்டுக்கொள்வாள், பெரும்பாலும் பேருந்தில் உட்கார்ந்திருக்கும்போது. இப்போது ஒருவர் நம்பி ஒரு வேலையைக் கையில் கொடுத்திருக்கிறார். அதைச் செய்துகாட்டினால் அந்தக் கேள்வியின் வாயைக் கொஞ்ச நாளாவது அடைக்கலாம்.

சனிக்கிழமை மதியம் சித்தி கண்ணாடி மாற்றப் போனாள். பட்டதாரி வேலையில் இறங்கினாள். பழைய விண்டோஸை அடியோடு அழிக்காமல், அதை அப்படியே ஒரு பக்கம் ஒதுக்கிவைத்துவிட்டு மேலே புதியதை ஏற்றும் வழி இருக்கிறது. வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது தட்டுமுட்டுச் சாமான்களை ஓர் அறையில் போட்டுப் பூட்டிவைப்பது போல. வெள்ளையடித்து முடிந்ததும் வேண்டியதை எடுத்து அடுக்கிவிட்டு, வேண்டாததைத் தூக்கி எறியலாம். புதியது ஏற ஒன்றரை மணி நேரம் ஆனது. தடங்கல் ஒன்றும் இல்லை. அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

பிறகு ஒதுக்கிய அறையைத் திறந்தாள். சித்தி வீட்டு விசேஷப் படங்கள், ஒரு கட்டு பாட்டு, கம்ப்யூட்டர் விற்றவன் அன்றைக்கே போட்டுக்கொடுத்த நாலைந்து படிவங்கள். எல்லாவற்றையும் எடுத்துப் பத்திரமாக வைத்தாள். கடைசியில் ஒரு ஃபோல்டர். அதற்குள் மூவாயிரத்துச் சொச்சம் கோப்புகள். ஒன்றின் பெயராவது பெயராக இல்லை. ஐ, ஜே, ஏ, ஒய், அரைப்புள்ளி என்று ஒன்று. அதற்கு அடுத்தது அதைவிட மோசம். எந்த மொழியிலும் சேராத ஆங்கில எழுத்துகள், நடுநடுவே அரைப்புள்ளி, காற்புள்ளி. இரண்டைத் திறந்து பார்த்தாள். உள்ளேயும் அதே கிறுக்கல்.

ஆய்வகத்தில் ஒருமுறை வைரஸ் புகுந்தபோது கோப்புகளின் பெயர்கள் இப்படித்தான் மாறிப்போயின. 'அடப்பாவி, இதனாலதான் நீ இத்தனை நாள் நொண்டினியா' என்று நினைத்தபடி, மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து, குப்பைத்தொட்டிக்குக்கூடப் போகாமல் அடியோடு அழித்தாள். ஒட்டடை அடித்து முடித்த வீட்டுக்கு நடுவில் இடுப்பில் கைவைத்து நிற்பது போல ஒரு நிறைவு.

சாயங்காலம் சித்தி புதுக் கண்ணாடியோடு வந்தாள். "எல்லாம் பத்திரமா இருக்கா?"

"எல்லாம் பத்திரம்."

திங்கட்கிழமை காலை பொத்தானை அழுத்திவிட்டுத் திரும்புவதற்குள் திரை வந்துவிட்டது. சித்தி பால் பாத்திரத்தைக் கையில் வைத்தபடி நின்றாள். "என்னடி இது, அடுப்பு பத்தவைக்கக்கூட நேரம் குடுக்க மாட்டேங்குது."

"பட்டதாரி கை பட்டுச்சுல்ல, பயந்து எழுந்திருச்சிருச்சு" என்றார் ஜெராக்ஸ் மாமா.

அவள் சிரித்தாள். பதினான்கு மாதத்தில் அப்படி ஒரு காலை வந்ததில்லை. அது அரைமணி நேரம் நீடித்தது.

ஒன்பதரை மணிக்கு ஒருவர் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு ஓடிவந்தார். ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக் கழற்றக்கூட மறந்து வந்திருந்தார். தையல்காரர்.

"அம்மா, என்னை ஞாபகம் இருக்காது உங்களுக்கு. பதினோரு வருஷம் ஆச்சு. என் தங்கச்சி பொண்ணுக்கு நான்தான் கார்டியன்னு ஒரு மனு அடிச்சுக் குடுத்தீங்க."

தங்கையும் அவள் கணவரும் போன பிறகு அந்தக் குழந்தையை வளர்த்தவர் அவர்தான். இப்போது அவளுக்கு நர்ஸ் பயிற்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது. இன்றைக்கு நான்கு மணிக்குள் கார்டியன் உத்தரவின் நகலைக் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் அந்த இடம் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும். அவரிடமிருந்த உத்தரவு, மழை ஒழுகிய பெட்டிக்குள் கூழாகிப்போயிருந்தது. எதிர் அலுவலகத்தில் கேட்டால், பழைய கட்டுகள் ஓர் அறை நிறைய இருக்கின்றன, மனுவின் பதிவு எண் இருந்தால்தான் தேடி எடுக்க முடியும் என்று கைவிரித்துவிட்டார்கள்.

"நம்பரை எங்க போய்த் தேடுவேன்? அப்பதான் நீங்க சொன்னது ஞாபகம் வந்துச்சு. மனு குடுத்துட்டு, ரசீதைக் கொண்டுவந்து காட்டிட்டுப் போங்கன்னீங்க."

சித்தியின் முகம் மலர்ந்தது. அது அவளுடைய பழக்கம். மனு அடித்துக் கொடுத்தால் வேலை முடிந்தது என்று விடமாட்டாள். உள்ளே கொடுத்து முத்திரை வாங்கியதும் ஒரு நடை வந்து ரசீதைக் காட்டச் சொல்வாள். அந்த எண்ணை மனுவின் கோப்பிலேயே கடைசி வரியாக அடித்து வைப்பாள். 'இந்தம்மாவுக்கு எதுக்கு இந்த வேலை' என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. காகிதம் தொலையும், ஆட்களுக்கு ஞாபகம் தொலையும், நம்ம பெட்டியில் இருந்துவிட்டுப் போகட்டுமே என்பது சித்தியின் கணக்கு.

"உக்காருங்க. ரெண்டு நிமிஷம்" என்று மேசைக்குத் திரும்பினாள். மவுஸை நகர்த்தினாள். அங்கே பார்த்தாள், இங்கே பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள்.

"ஏண்டி, என் பேரெல்லாம் எங்கடி?"

"எந்தப் பேர் சித்தி?"

"நான் வெச்ச பேரு. ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு பேரு வெச்சிருப்பேனே. மூவாயிரத்துக்கு மேல இருக்கும்."

"அது... இங்கிலீஷ்ல... கிறுக்கின மாதிரி இருந்துச்சே?"

"கிறுக்கலா? தமிழ்டி அது."

அவளுக்குப் புரிய ஒரு நிமிடம் பிடித்தது. சித்தி எட்டாவதோடு நின்றவள். டைப்ரைட்டிங் பள்ளியில் கூட்டிப் பெருக்கும் வேலைக்குப் போனாள். மாலையில் எல்லோரும் போன பிறகு, 'ழ' விழாத ஒரு மெஷினை மட்டும் தொட அவளுக்கு அனுமதி உண்டு. தட்டச்சின் முதல் பாடமான யளனக-வை அதில் அடித்து அடித்து, ழ வரும் இடத்தில் எல்லாம் கையால் எழுதி நிரப்பி, தேர்வு எழுதித் தேறினாள். பிறகு இதே தெரு நடைபாதையில் மேசை போட்டுப் பன்னிரண்டு வருடம். கம்ப்யூட்டர் வந்தபோது, விற்றவன் அதே தட்டச்சு வரிசைப்படி அமைந்த பழைய தமிழ் எழுத்துரு ஒன்றைப் போட்டுக் கொடுத்தான். விரல் அதே இடத்துக்குப் போனது, திரையில் தமிழ் வந்தது. சித்திக்கு அது போதும். ஆனால் உள்ளுக்குள் கம்ப்யூட்டர் சேமித்ததெல்லாம் அந்த விசையின் ஆங்கில எழுத்தைத்தான். எழுத்துரு என்பது அதன்மேல் போர்த்திய தமிழ்ச் சட்டை. மனுவுக்குச் சட்டை உண்டு. கோப்பின் பெயருக்குக் கிடையாது. அதனால் சித்தி தமிழ் விசையைத் தட்டிப் பெயர் வைத்தால் திரையில் ஆங்கிலக் கிறுக்கலாகத்தான் தெரியும். பதினாறு வருடமாக அவள் அதை அப்படியே தமிழாகப் படித்துக்கொண்டிருக்கிறாள். ஆங்கிலம் என்று ஒரு மொழி அந்த எழுத்துகளுக்குள் இருக்கிறது என்பதே அவளுக்குக் கணக்கில்லை. உப்புப் பாக்கெட்டின் மேல் இருக்கும் ஆங்கிலச் சொல்லை அவள் 'ளயடவ' என்றுதான் படிப்பாள்.

புதிய விண்டோஸில் அந்தப் பழைய எழுத்துரு இல்லை. சனிக்கிழமை திறந்து பார்த்த இரண்டு கோப்புகளும் சட்டையில்லாமல் நின்றதும் அதனால்தான்.

"அழிச்சிட்டேன் சித்தி" என்றாள். "வைரஸ்னு நினைச்சு அழிச்சிட்டேன்."

பெஞ்சில் இருந்த தையல்காரர் அலுவலக வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காதில் விழவில்லை. ஜெராக்ஸ் மாமாவின் காதில் விழுந்தது. அவர் ஓடிக்கொண்டிருந்த நகல் மெஷினை நிறுத்தினார்.

பட்டதாரிக்குக் கண் நிறைந்துகொண்டு வந்தது.

"அழுதா வருமா?" என்றாள் சித்தி. "வரும்னா சொல்லு, நானும் சேர்ந்து அழறேன்."

"வராது."

"அப்ப எது பண்ணினா வரும்? அதைச் சொல்லு."

அந்தக் கேள்விதான் அவளை நிமிர்த்தியது. எது பண்ணினால் வரும்? அழிப்பது என்றால் கம்ப்யூட்டர் உடனே எதையும் அழிப்பதில்லை. இந்த இடம் காலி என்று ஒரு குறிப்பு மட்டும் எழுதிக்கொள்ளும். அதன்மேல் வேறு ஏதாவது வந்து உட்காரும்வரை பழையது அங்கேயேதான் கிடக்கும். மூன்றாம் ஆண்டில் படித்தது. மனப்பாடம்தான், ஆனாலும் படித்தது. புதிதாக எதுவும் வந்து உட்காராமல் இருக்க வேண்டும் என்றால்—

அவள் பாய்ந்து சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

"ஏய், ஏய்!" என்றார் மாமா.

"இனி இதைத் தொடவே கூடாது மாமா. இதோட டிஸ்க்கைக் கழட்டி உங்க கம்ப்யூட்டர்ல மாட்டணும். மதியம்வரைக்கும் உங்க கம்ப்யூட்டர் வேணும்."

"என் கடையை மூடச் சொல்றியா?"

"ஆமா."

மாமா சித்தியைப் பார்த்தார். தையல்காரரைப் பார்த்தார். பிறகு வரிசையில் நின்ற நாலு பேரிடம், "மெஷினுக்குச் சூடு ஏறிடுச்சு, மத்தியானம் வாங்க" என்று கூசாமல் புளுகிவிட்டு, நாற்காலியிலிருந்து எழுந்தார். "உக்காரு பட்டதாரி."

திருகாணிகளைக் கழற்றினாள். டிஸ்க்கை மாட்டினாள். அழிந்ததைத் தேடித் தரும் மென்பொருள் ஒன்றை இறக்கி ஓடவிட்டாள். திரையின் கீழே ஒரு பச்சைக்கோடு எறும்பு போல ஊர ஆரம்பித்தது. மீதி இரண்டரை மணி நேரம் என்றது. ஒரு மணிக்கு எதிர் அலுவலகத்தில் சாப்பாட்டு இடைவேளை.

காத்திருப்பதைத் தவிர செய்வதற்கு ஒன்றும் இல்லை. தையல்காரர் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து அளவு நாடாவை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். சித்தி அவருக்குப் பால் கொடுத்தாள். அவளுக்கும் கொடுத்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மீண்ட கோப்புகளின் பெயர்கள் திரையில் ஒவ்வொன்றாக விழ ஆரம்பித்தன. அவள் கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரிந்தன. கம்ப்யூட்டர் தனக்காக வைத்துக்கொள்ளும் குப்பைக்கும் கிறுக்கல் பெயர்தான். எது குப்பை, எது சித்தி? அவளுடைய மூன்று வருடப் படிப்பு அந்த இடத்தில் திருதிருவென்று விழித்தது.

சித்தி நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இது குப்பை. இதுவும் குப்பை. இது..." என்று திரைமேல் விரல் வைத்தாள். "சிரிக்காத டீச்சர்! வந்துட்டாங்கடி!"

"யாரு?"

"இடமாற்றம் கேட்டு ஆறு தடவை மனு போட்டாங்க. ஒரு தடவைகூடச் சிரிக்கல. ஏழாவது தடவை கிடைச்சுது, அப்பவும் சிரிக்கல. இது கோபக்கார டிரைவர். இது நனைஞ்ச குடை. ஈரக்குடைன்னுதான் வைக்கப் பார்த்தேன். ஈ அடிச்சா மட்டும் பேருல ஏத்துக்காது, என்ன பகையோ. இது, அண்ணே, நம்ம மாடிவீட்டு வாசக்கதவு வழக்கு!"

"அது இன்னும் முடியலையே" என்றார் மாமா.

சந்தைக் கூட்டத்தில் தெரிந்த முகங்களைக் கண்டுபிடித்துக் கைகாட்டுவது போலச் சித்தி பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டே போனாள். ஆட்களின் நிஜப் பெயர் எதுவும் அதில் இல்லை. நிஜப் பெயர் மனுவுக்குள் இருக்கிறதே, அதை எதற்கு வெளியிலும் எழுத வேண்டும் என்பாள். வந்த அன்றைக்கு ஆள் எப்படி இருந்தாரோ அதுதான் பெயர். பட்டதாரி அந்த எழுத்துகளைப் பார்த்தாள். சனிக்கிழமை தான் ஒரு விரலால் அழித்தது என்ன என்று அப்போதுதான் உறைத்தது. ஒரு தெருவையே அழித்திருக்கிறாள்.

பச்சைக்கோடு முடியும்போது பன்னிரண்டு அடித்துப் பத்து நிமிடம். எல்லாம் வரவில்லை. ஆனால் பெரும்பாலானவை வந்துவிட்டன.

"தையல்னு தேடுங்க சித்தி."

சித்தி ஐ, ஜே, ஏ, ஒய், அரைப்புள்ளி என்று தட்டினாள். ஏழு தையல்காரர்கள் வந்தார்கள். ஒவ்வொருவரையும் திறந்து பார்த்தாள். ஒருவரும் இவரில்லை.

தையல்காரர் எழுந்து நின்றுவிட்டார். "இல்லையாம்மா?"

"இருங்க. பதினோரு வருஷத்துக்கு முந்தி உங்களைப் பார்த்ததும் எனக்குத் தையல்காரர்னு தெரிஞ்சிருக்காது. அன்னிக்கு எப்படி வந்தீங்க? சொல்லுங்க."

"எப்படின்னா... நடந்துதான் வந்தேன். பாப்பாவைத் தோள்ல போட்டுக்கிட்டு."

"அப்படி நூறு பேர் வந்திருப்பாங்க. வேற?"

"நான் ஒண்ணும் பேசலம்மா. அழுதுகிட்டே இருந்தேன். நீங்க என்ன கேட்டாலும் அழுகைதான்." அவர் நெற்றியைத் தேய்த்தார். "பாப்பா தலையெல்லாம் சிக்கு. எனக்குப் பின்னத் தெரியல, ஒரு வாரமா அப்படியே விட்டுட்டேன். நீங்கதான் அடிக்கிறதை நிறுத்திட்டு அவளை இழுத்து மடியில வெச்சு—"

"பின்னல் மாமா!" என்று சித்தி கத்தினாள். விரல்கள் பறந்தன. ஜி, பி, டி, அரைப்புள்ளி, டி, ஒய், அரைப்புள்ளி. ஒரே ஒரு கோப்பு வந்தது. வந்தவுடன் நான்கு பேரும் மூச்சை விட்டார்கள்.

திறந்ததும் முழுப் பக்கமும் கிறுக்கல். மாமாவின் கம்ப்யூட்டரிலும் அந்த எழுத்துரு இல்லை. சித்திக்கு அது ஒரு பொருட்டா? கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டு, செய்தித்தாள் வாசிப்பது போல வாசித்தாள்.

"'ஐயா, இக்குழந்தை என் உடன்பிறந்த தங்கையின் மகள். இவளுக்கு உணவு கொடுக்கவும், உடை தைத்துக் கொடுக்கவும், பள்ளிக்கு அழைத்துச் செல்லவும் என்னால் முடியும். தலை பின்னுவது மட்டும் எனக்குத் தெரியாது. அதையும் விரைவில் கற்றுக்கொள்வேன் என்று உறுதி கூறுகிறேன்.'"

"இதையா உள்ள குடுத்தீங்க?" என்றார் ஜெராக்ஸ் மாமா.

"குடுத்தோம். சீல் போட்டு வாங்கிக்கிட்டாங்க."

"நான் இதைச் சொல்லவே இல்லையேம்மா" என்றார் தையல்காரர்.

"நீங்க எங்க சொன்னீங்க? உங்க பொண்ணு சொன்னா. 'மாமாவுக்கு எல்லாம் தெரியும், தலைதான் பின்னத் தெரியாது'ன்னு. உள்ளதைத்தானே எழுதணும்."

கடைசி வரியில் எண் இருந்தது. எண்களுக்கு எந்த எழுத்துருவும் வேண்டாம். பட்டதாரியாலும் அதைப் படிக்க முடிந்தது. இரண்டு முறை சரிபார்த்து ஒரு தாளில் பெரிதாக எழுதிக் கொடுத்தாள். தையல்காரர் அதைச் சட்டைப்பையில் வைத்து, பையின்மேல் கையை அழுத்தியபடியே சாலையைக் கடந்தார். சைக்கிளை மறந்துவிட்டுப் போனார்.

மதியம் முழுவதும் அவள் மீண்ட கோப்புகளை இரண்டு இடங்களில் பத்திரப்படுத்தினாள். பழைய எழுத்துருவையும் ஒதுக்கிவைத்திருந்த பழைய விண்டோஸிலிருந்தே தோண்டி எடுத்துப் புதிய விண்டோஸில் போட்டாள். மனுக்கள் மறுபடி தமிழ்ச் சட்டையைப் போட்டுக்கொண்டன. திரும்பி வராத பெயர்கள் நானூறுக்கு மேல் இருக்கும் என்று தோன்றியது. அதைச் சித்தியிடம் சொன்னாள். சித்தி தலையாட்டினாள். "வந்தவரைக்கும் வந்துச்சே. உனக்குத் தெரியலைன்னா அதுவும் வந்திருக்காது."

"எனக்குத் தெரிஞ்சதாலதானே சித்தி போச்சு?"

"ரெண்டும்தான்" என்றாள் சித்தி, வேறு ஒருவருக்கு உறையில் முகவரி அடித்துக்கொண்டே. அவ்வளவுதான் அவள் சொன்னது. அந்த 'ரெண்டும்தான்' என்ற சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று பட்டதாரிக்கு உடனே தெரியவில்லை. ஆனால் பேருந்தில் வரும் அந்தக் கேள்விக்கு முதல்முறையாகப் பதில் மாதிரி ஏதோ கையில் இருந்தது.

நான்கு மணி ஆனது. நாலரை ஆனது. ஜெராக்ஸ் மாமா வாசலுக்கும் மெஷினுக்கும் நடந்துகொண்டிருந்தார். ஐந்து மணிக்குத் தையல்காரர் வந்தார். வியர்த்து வழிந்த முகம், சட்டையெல்லாம் பழைய காகிதத் தூசி.

"குடுத்தாச்சு" என்றார். "மூணே முக்காலுக்கு. சீட்டு உறுதி."

சித்தி அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் நீட்டினாள். மாமா காரணமில்லாமல் மெஷினைத் தட்டி ஒரு வெற்றுத்தாளை நகலெடுத்தார்.

தையல்காரர் பட்டதாரியிடம் வந்தார். "பாப்பா, நீதான் எடுத்துக் குடுத்தே. இந்த வயசுல எவ்வளவு தெரிஞ்சு வெச்சிருக்கே. உன்னைப் படிக்கவெச்சவங்க நல்லா இருக்கணும்."

தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம். சித்தியும் மாமாவும் காட்டிக்கொடுக்க மாட்டார்கள். "ஐயா" என்றாள், "நான்தான் அதை அழிச்சேன். சனிக்கிழமை. குப்பைன்னு நினைச்சு. இல்லேன்னா காலையில ரெண்டு நிமிஷத்துல கிடைச்சிருக்கும்."

அவர் அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்து மடித்தார்.

"நான் ஒரு கல்யாணக் கோட்டுக்கு ரெண்டும் இடது கையா வெச்சுத் தச்சவன்" என்றார். "மாப்பிள்ளை அதைப் போட்டுக்கிட்டுத்தான் மேடையில நின்னான். போட்டோ எல்லாத்துலயும் ஒரு கை பின்னால."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, பிரிச்சு மாத்தித் தச்சுக் குடுத்தேன். அவன் மகனுக்கும் இப்ப நான்தான் தைக்கிறேன்." கிளம்பப் போனவர் நின்றார். "அம்மா, இன்னொரு வேலை. உள்ள அந்த ரெக்கார்டு ரூம் கிளார்க்கம்மா, சாப்பாட்டைக்கூட விட்டுட்டு ஏணி போட்டு ஏறி, நாப்பது கட்டைப் பிரிச்சுத் தேடிக் குடுத்தாங்க. அவங்க மேலதிகாரிக்கு ஒரு லெட்டர் போடணும். நன்றின்னு சொல்லி."

சித்தி விசைப்பலகையை இழுத்தாள். விரல்களை வைத்தாள். விரல்கள் நகரவில்லை.

"என்ன சித்தி?"

"நன்றிக் கடிதம் இதுவரைக்கும் நான் அடிச்சதே இல்லடி." அவளுக்கே அது அப்போதுதான் தெரிந்ததுபோல இருந்தது. "நடைபாதையில இருந்தப்பகூட ஒருத்தரும் கேட்டதில்ல. வேணும்னு எழுதுவாங்க, இல்லன்னு எழுதுவாங்க, ஏன் இல்லன்னு எழுதுவாங்க. இது எப்படி ஆரம்பிக்கிறது?"

"நடந்ததை நீங்க சொல்லுங்க ஐயா" என்றாள் பட்டதாரி.

இன்றைக்கு அவர் அழவில்லை. சொன்னார். ஏணியைச் சொன்னார், தூசியைச் சொன்னார், அந்த அம்மாவின் சாப்பாட்டு டப்பா திறக்காமல் மேசையிலேயே இருந்ததைச் சொன்னார். சித்தி அடித்தாள். திரையில் தமிழ் வந்துகொண்டே இருந்தது. கடைசி வரிக்கு வந்ததும் விரல்கள் தாமாகவே பழகிய பாதையில் ஓடின: 'ஆகவே ஐயா அவர்கள் தயவுகூர்ந்து ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.'

"என்ன கேட்டுக்கறோம்?" என்றார் தையல்காரர்.

சித்தி திரையைப் பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது. "பாருங்க, கை தானா கேக்குது." அந்த வரியைப் பின்னாலிருந்து ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள். வெறும் இடத்தில் கோடு துடித்துக்கொண்டிருந்தது. கொஞ்சம் யோசித்தாள். பிறகு மெதுவாக, ஒவ்வொரு விசையையும் தேடுகிறவளைப் போல அடித்தாள்:

'எங்களுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. இந்தக் கடிதத்தில் எதுவும் கேட்கவில்லை.'